ஒருமித்த முடிவு நல்ல முடிவாகுமா?

பலர் கூடி ஆராய்ந்து எடுக்கும் முடிவு, ஒருவர் தனித்து எடுக்கும் முடிவினும் சிறந்தது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. ஊர்ச் சபையும், அமைச்சர் குழுவும், இந்நாளைய நிர்வாகக் குழுவும் இந்நம்பிக்கையின்மீது எழுந்தவையே. கூட்டம் முடிந்தபின், "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று குறிப்பேட்டில் எழுதும்பொழுது, தலைவருக்கும் உறுப்பினருக்கும் ஒருவகை மனநிறைவு உண்டாகிறது. ஆனால், அந்த ஒருமனம் எவ்வாறு உண்டாயிற்று என்று நாம் கேட்பதில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்ததால் உண்டான ஒருமனமா? அன்றி, ஐயம் கொண்டவர் வாய் திறவாமையால் உண்டான ஒருமனமா? குறிப்பேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். விளைவிலோ இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

பின்னதாகச் சொன்ன ஒருமனத்திற்கு ஆங்கிலத்தில் 'குரூப்திங்க்' என்று பெயர். 1952ஆம் ஆண்டில் வில்லியம் ஒயிட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இச்சொல்லை எடுத்தாண்டார். 1972இல் யேல் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் இர்விங் ஜானிஸ் இதனை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் சற்று இடர்ப்பாடு தருவது. 'கூட்டுச் சிந்தனை' என்று சொன்னால் அது பழிப்பாக ஒலியாமல் பாராட்டாக ஒலித்துவிடும். 'ஒத்தூதுதல்' என்னும் நம் வழக்குச் சொல் ஓரளவு பொருந்தும். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருப்பார். இசைக்கு அது வேண்டுவதே. எனினும், மேடையிலுள்ள அனைவருமே ஒத்து ஊதத் தொடங்கினால் இராகம் வாசிக்க ஆள் ஏது? ஆனால் ஒத்தூதுபவர் என்றால், ஆதாயம் கருதி இச்சகம் பேசுபவர் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஜானிஸ் ஆராய்ந்த குழுக்களில் இருந்தவர்களோ நேர்மையாளர்கள், அறிவாற்றல் மிக்கவர்கள், ஒருவர்மீது ஒருவர் மதிப்பு வைத்தவர்கள். அந்த நற்பண்புகளே அவர்களை மயக்கின. ஆகவே, இவ்வுரையில் இதனைக் 'குழுமயக்கம்' என்றே வழங்குவோம்.

ஜானிஸ் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் தலையாயது 1961ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நிகழ்ந்தது. கியூபாவிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 1,400 பேருக்குப் பயிற்சி தந்து, பன்றிகள் விரிகுடா என்னுமிடத்தில் இறக்கினால், அந்நாட்டு ஆட்சி கவிழ்ந்துவிடும் என்று அமெரிக்க அரசு எண்ணியது. குடியரசுத் தலைவர் கென்னடியைச் சுற்றி அந்நாட்டின் கூர்த்த மதியினர் பலர் இருந்தனர். மூன்றே நாட்களில் அம்முயற்சி முற்றிலும் தோற்றது. இறங்கியவர்களுள் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். கென்னடியின் உதவியாளரும் வரலாற்றறிஞருமாகிய ஆர்தர் ஷ்லெசிஞ்ஜர், இத்திட்டத்தில் தமக்கிருந்த ஐயத்தைத் தலைவருக்குத் தனியே எழுதித் தந்திருந்தார். எனினும் கூட்டங்களில் போதிய அளவு பேசவில்லை. அவ்வாறு வாளா இருந்தமைக்காகப் பின்னாளில் தம் நூலில் வருந்தியும் எழுதினார். அவருடைய அறிவு குறைவுபடவில்லை. அந்த அறிவு பேசுவதற்கு அவையில் இடம் இல்லாமற்போயிற்று.

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். நேயர்களே, நமக்கு அண்மையில் உள்ள ஓர் இடத்திற்கு வருவோம். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவு. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இத்தீவு, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது, பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. உங்களுள் பலர் சூளூர்ப்பேட்டை நிலையத்தை இரயிலில் கடந்திருப்பீர்கள். அங்கிருந்து கிழக்கே செல்லும் சாலை ஏரியைக் கடந்து இத்தீவை அடைகிறது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் முதல் சிறு ராக்கெட் இங்கிருந்து புறப்பட்டது. 2002 முதல் இந்நிலையம் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் பெற்று விளங்குகிறது. அப்பெயருக்கு உரியவர் நம் பொருளுக்கும் உரியவர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் காலை. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டாகிய எஸ்.எல்.வி.-3 ஏவுதளத்தில் நின்றது. நான்கு கட்டங்கள், ஏறத்தாழ 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு கோளைப் புவியைச் சுற்றிவரச் செய்வது அதன் நோக்கம். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அத்திட்டத்தின் தலைவர். பல ஆண்டு உழைப்பு அன்று பலன் தரவேண்டும். இறங்குமுக எண்ணிக்கை முடிவை நெருங்கும் வேளையில், கணிப்பொறி எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் அமைப்பில் கோளாறு என்று அது அறிவித்தது.

அந்நேரத்தில் நிகழ்ந்ததைக் கலாம் தம் சொற்பொழிவுகளில் ஒளிவு மறைவின்றிப் பன்முறை எடுத்துரைத்திருக்கிறார். அவர் தம் பின்னே இருந்த நிபுணர்களைக் கேட்டார். அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். கசிவு இருப்பது உண்மையே. ஆயினும் போதிய அளவு அமிலம் சேமிப்பில் இருக்கிறது. ஆகவே ஏவலாம் என்றனர். கலாம் கணிப்பொறியின் தடையை விலக்கி ராக்கெட்டை ஏவினார். முதற் கட்டம் செம்மையாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு அறவே அற்றது. ஒரு வால்வு மூடாமல் நின்றமையால், திசைதிருப்பப் பயன்படும் நைட்ரிக் அமிலம் முன்பே வீணாகியிருந்தது. புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அந்த அறையில் இச்சகம் பேசியவர் ஒருவரும் இலர், அறியாதவரும் இலர். அவரவர் துறையில் தேர்ந்த அறிஞர்கள், கிடைத்த சில நிமிடங்களில் நன்னம்பிக்கையோடு கருத்துச் சொன்னார்கள். ஆயினும், கேள்வி எவ்வாறு அமைந்தது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். 'இந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது? அது நிற்குமா, பெருகுமா?' என்பது ஒரு கேள்வி. 'கசிவு இருந்தாலும் ஏவ முடியுமா?' என்பது மற்றொரு கேள்வி. முன்னது உண்மையை நாடுவது. பின்னது இசைவை நாடுவது. ஏவவேண்டும் என்ற ஆவல் அனைவர் நெஞ்சிலும் நிறைந்திருக்கும் வேளையில், அவையில் எழுவது பெரும்பாலும் பின்னைய கேள்வியே. அறையில் இருந்த அனைவருள்ளும் ஆவல் இல்லாதது கணிப்பொறி ஒன்றே. அது மட்டுமே 'நில்' என்றது.

இவ்வாறு கேள்வி தலைகீழாவது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அமெரிக்காவில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபொழுது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பாளம் ஒன்று அதன் இடச் சிறகில் மோதியது. சேதத்தை அறிய, விண்ணிலேயே அதனைப் படம் பிடிக்கவேண்டும் என்று பொறியாளர் சிலர் விரும்பினர். மேலிடத்தார் அதற்கு இடம் தரவில்லை. பிப்ரவரி முதல் நாள் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. அவ்விபத்தை ஆராய்ந்த குழு, நுரைப்பாளத்திற்கு உள்ள பங்கு அந்நிறுவனத்தின் நடைமுறைப் பண்பாட்டிற்கும் உண்டு என்று அறிவித்தது. 'பாதுகாப்பாக இருக்கிறது' என்று மேலிடத்தார் மெய்ப்பிக்கவேண்டியதற்கு மாறாக, 'பாதுகாப்பாக இல்லை' என்று பொறியாளர் மெய்ப்பிக்கவேண்டிய நிலை அங்கே உருவாகியிருந்தது. ஐயப்படுபவன்மீது சான்றுச் சுமையை ஏற்றும் அவையில் ஐயங்கள் குறையும், ஆபத்துக் குறையாது.

மீண்டும் ஸ்ரீஹரிகோட்டாவிற்கு வருவோம். ராக்கெட் கடலில் வீழ்ந்த அன்று செய்தியாளர்கள் திரண்டிருந்தனர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக அப்பொழுது விளங்கியவர் பேராசிரியர் சதீஷ் தவான். தோல்விக்குக் காரணமானவரைத் தேடித் தருமாறு உலகம் கேட்கும் நேரம் அது. தவான் தாமே செய்தியாளர் முன் அமர்ந்து, தோல்வியின் பொறுப்பைத் தாம் ஏற்று, தம் பொறியாளர்கள்மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டென்றும், அடுத்த ஆண்டிற்குள் அவர்கள் வெற்றி பெறுவர் என்றும் கூறினார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை அதே வகை ராக்கெட் புவியைச் சுற்றும் பாதையில் நிறுத்தியது. அன்று தவான், செய்தியாளரிடம் பேசுமாறு கலாமையே அனுப்பினார்.

இச்செய்கையைப் பெருந்தன்மை என்று பாராட்டுவதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். அது பெருந்தன்மை மட்டுமன்று. சிறந்த நிர்வாக முறையுமாகும். தோற்றபொழுது தம்மைப் பலியிடமாட்டார் என்று தலைவரைப் பற்றி உறுதி பெற்ற பணியாளரே, அடுத்த முறை தவற்றைக் கண்டால் அஞ்சாமல் சொல்வர். வால்வு ஏன் மூடவில்லை என்பதை ஓராண்டிற்குள் கண்டறிந்து திருத்த முடிந்ததற்கு, உண்மையைச் சொல்வோர் தண்டனைக்கு அஞ்சவேண்டாத சூழ்நிலை துணை நின்றிருக்கும் அல்லவா? பழியைத் தான் ஏற்றுப் புகழைப் பிறருக்குத் தரும் தலைவன், தன் அவையில் 'இல்லை' என்னும் சொல்லுக்கு முன்கூட்டியே விலை கொடுத்து வைக்கிறான்.

அவ்விலையின் பயனை 34 ஆண்டுகளுக்குப் பின் அதே தீவில் காணலாம். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், ஜி.எஸ்.எல்.வி.-டி5 என்னும் பெரிய ராக்கெட் ஏவுதளத்தில் நின்றது. நம் நாட்டிலேயே உருவாக்கிய கிரையோஜெனிக் எஞ்சின் அதில் பொருத்தப்பட்டிருந்தது. அத்தொழில்நுட்பத்தை வெளிநாட்டிலிருந்து பெறும் முயற்சி 1993இல் தடைப்பட்ட பின், இருபது ஆண்டுகள் பாடுபட்டு ஆக்கியது அது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல், டிசம்பர் ஆகிய இரு மாதங்களிலும் இவ்வகை ராக்கெட் தோல்வி கண்டிருந்தது. ஆகவே, இம்முறை வென்றே தீரவேண்டும் என்ற நெருக்கடி எத்துணை இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இறங்குமுக எண்ணிக்கை நடக்கிறது. அவ்வேளையில் இரண்டாம் கட்டத்திலிருந்து எரிபொருள் கசிவது தெரியவந்தது.

மீண்டும் இரண்டாம் கட்டம், மீண்டும் கசிவு. ஆனால் இம்முறை முடிவு வேறு. புறப்பாட்டிற்கு 1 மணி 14 நிமிடம் இருக்கையில் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. ராக்கெட்டைப் பின்னே கொண்டு சென்று, இரண்டாம் கட்டத்திற்கு மாற்றாகப் புதியது அமைத்தனர். தொட்டியின் உலோகக் கலவையையும் மாற்றினர். நான்கரை மாதங்கள் கழிந்தன. 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அதே ராக்கெட், 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 செயற்கைக்கோளைக் குறித்த பாதையில் சேர்த்தது. அந்நிறுவனத்தின் தலைவராக அப்பொழுது இருந்தவர் கே. ராதாகிருஷ்ணன், ஜி.எஸ்.எல்.வி. திட்டத்தை நடத்தியவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த கே. சிவன். பின்னர்ச் சிவன் தலைவரான காலத்தில், 2019ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருந்தபொழுது மீண்டும் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. குறை களைந்து ஒரு வாரத்தில், ஜூலை 22ஆம் நாள், அது விண்ணேறியது.

ராக்கெட் புறப்படுமுன் அதன் சிறு உருவைத் திருமலைக்கு எடுத்துச் சென்று விஞ்ஞானிகள் வழிபட்டு வருவதைச் செய்தித்தாளில் கண்டிருப்பீர்கள். வழிபாடு மனத்திற்கு உறுதி தருவது. வால்வைச் சோதிப்பது மனிதர் கடமை. முன்னது பின்னதற்கு மாற்றாகாது என்பதை, நின்றுபோன அந்த எண்ணிக்கைகளே காட்டுகின்றன.

இனி, நம் பொருளின் இரண்டாவது பகுதியைக் காண்போம். குழு ஒன்று மயங்குவதும் தெளிவதும், அதன் முன் வைக்கப்படும் குறிக்கோளைப் பெரிதும் பொறுத்தது. 'இன்று ஏவவேண்டும்' என்பது குறிக்கோளாயின், கசிவைச் சுட்டிக்காட்டுபவன் தடைக்கல். 'கோள் தன் பாதையில் நிற்கவேண்டும்' என்பது குறிக்கோளாயின், அவனே முதல் ஊழியன். ஆள் ஒருவனே, குறிக்கோள் மாறியதும் அவன் நிலை மாறிவிடுகிறது. ஆகவே, 'எல்லாரும் மனம் விட்டுப் பேசுங்கள்' என்று ஆயிரம் முறை தலைவர் வேண்டினாலும், குறிக்கோள் பிழையாக வகுக்கப்பட்டிருந்தால் ஒருவரும் பேசமாட்டார். குழுமயக்கத்திற்கு மருந்து தேடுவோர் முதலில் குறிக்கோளைத் திருத்தவேண்டும்.

குறிக்கோள் எவ்வாறு இருக்கவேண்டும்? 'இயன்றவரை நன்கு செய்க' என்னும் பொதுவான ஏவலைவிட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கே மனிதரை மிகுதியாக உழைக்கச் செய்யும் என்று 1968இல் எட்வின் லாக் என்னும் உளநூலறிஞர் எடுத்துக்காட்டினார். அது உண்மையே. எஸ்.எல்.வி.-3க்கு 'நாற்பது கிலோ கோள்' என்ற இலக்கு இருந்தமையால், ஒவ்வொரு கட்டத்தை உருவாக்கியவர்களும் தத்தம் பங்கை அளந்து அறிய முடிந்தது. ஆனால் தெளிவு வேறு, குறுகல் வேறு. இதற்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற கலங்களே சான்று.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் விக்ரம் நிலவில் இறங்கும்பொழுது வீழ்ந்து உடைந்தது. அது இறங்குவதற்கென வகுத்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டுமே. எஞ்சின்கள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தின. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அந்நிலையிலும் அந்தச் சிறிய இடத்தை எட்டவேண்டும் என்று கலம் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டது என்று பின்னாளில் நிறுவனத் தலைவராகிய எஸ். சோமநாத் விளக்கினார். 'பத்திரமாக இறங்குக' என்பதைவிடக் 'குறித்த இடத்தில் இறங்குக' என்ற ஆணை வலிமை பெற்றுவிட்டது. யந்திரம் கீழ்ப்படிந்தது, கீழ்ப்படிந்தே அழிந்தது.

சந்திரயான்-3ஐ அமைத்தபொழுது குறிக்கோளையே திருத்தினர். இறங்கும் இடம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு இரண்டரைக் கிலோமீட்டராக விரிந்தது. கால்கள் உறுதியாக்கப்பட்டன, எரிபொருள் கூடுதலாக வைக்கப்பட்டது. 'எது எது சரியாக நடக்கும்' என்று எண்ணி அமைப்பதை விடுத்து, 'எது எது தவறக்கூடும்' என்று எண்ணி அமைத்தோம் என்றார் சோமநாத். அதாவது, ஐயப்படுவதையே வேலையாக்கினர். 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் புறப்பட்ட அக்கலம் ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது.

இவற்றிலிருந்து, ஒரு குழுவிற்குத் தலைமை தாங்குவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உண்டு.

முதலாவது, தலைவர் கடைசியாகப் பேசவேண்டும். தலைவரின் கருத்து முதலில் வெளிப்பட்டால், பின்னர் வருவன யாவும் அதற்கு உரையாகவே அமையும். வயதிலோ பதவியிலோ இளையவர் முதலில் பேசட்டும். பேசத் தயங்குவோர் தத்தம் கருத்தைத் தனித்தனித் தாளில் எழுதித் தரட்டும். எழுதிய பின் பேச்சைத் தொடங்கினால், ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்ள இடம் இராது.

இரண்டாவது, மறுத்துப் பேசுவதை ஒருவரின் பொறுப்பாக ஆக்கவேண்டும். பன்றிகள் விரிகுடாவில் கற்ற பாடத்தை மறவாத கென்னடி, 1962ஆம் ஆண்டு அக்டோபரில் கியூபாவின் ஏவுகணை நெருக்கடி எழுந்தபொழுது, ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றிற்குத் தாம் வேண்டுமென்றே செல்லாதிருந்தார். உறுப்பினரைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் திட்டத்தை மற்றொரு குழு குறை காணுமாறு செய்தனர். பெரும்பாலும் அதே மனிதர்கள். முறை மட்டுமே மாறியது. உலகம் அணுப் போரிலிருந்து தப்பியது. இப்பொறுப்பை ஒருவர்க்கே நிலையாகத் தராமல் முறை வைத்து மாற்றித் தரவேண்டும். இல்லையேல் அவர் எப்பொழுதும் குறை சொல்பவர் என்று பெயர் பெற்றுவிடுவார். அவர் சொல்லும் எடுபடாது.

மூன்றாவது, எந்நிலையில் நிறுத்தவேண்டும் என்பதை ஆவல் தலைக்கேறுமுன் முடிவு செய்து எழுதி வைக்கவேண்டும். புறப்படும் நேரத்தில் கூடிப் பேசி எல்லை வகுத்தால், எல்லை ஆவலுக்கேற்ப வளைந்துகொடுக்கும். முன்பே வகுத்த எல்லையை எட்டினால், யாருடைய முகத்தையும் பாராமல் நிறுத்தலாம். நிறுத்தியவர்மீது யாருக்கும் வருத்தமும் எழாது.

நான்காவது, செயலைத் தொடங்குமுன் அது தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, 'ஏன் தோற்றது?' என்று ஒவ்வொருவரும் காரணம் எழுதவேண்டும். கேரி கிளைன் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 2007இல் இம்முறையை விளக்கி எழுதினார். 'இது தோற்குமா?' என்று கேட்டால், நம்பிக்கையற்றவன் என்று பெயர் வாங்க அஞ்சி எவரும் பேசார். 'தோற்றுவிட்டது, காரணம் சொல்க' என்றால், காரணம் கண்டு சொல்பவனே கெட்டிக்காரன் ஆகிறான்.

இம்முறைகளுக்கு ராக்கெட் வேண்டுவதில்லை. சித்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள் அங்கே மிகுதி. பருவம் சில வாரங்களே. அத்தகைய ஆலை ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். 'நாளொன்றுக்கு இத்தனை டன் பழம் அரைக்கவேண்டும்' என்று மேலாளர் இலக்கு வைக்கிறார். வாயிலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சோதனைக் கூடத்தில் உள்ள இளைஞர், ஒரு தொகுதிக் கூழில் சர்க்கரையும் புளிப்பும் அளவு தப்பியிருப்பதைக் காண்கிறார். அவர் வாய் திறந்தால் அன்றைய இலக்குக் கெடும். அனைவரும் அவரை நோக்கி முகம் சுளிப்பர். 'வாங்குவோர் திருப்பி அனுப்பாத கூழ் இத்தனை டன்' என்று அவ்விலக்கையே மாற்றி எழுதிப் பாருங்கள். இப்பொழுது அதே இளைஞர் அன்றைய இலக்கைக் காப்பாற்றியவராகிறார். ஓரிரு சொற்களின் மாற்றம் ஒரு மனிதனுக்கு நாவைத் தந்துவிட்டது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களாகிய உங்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்லவேண்டும். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ, தமிழர் சிலர் கூடிச் சங்கம் அமைக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பொங்கல் விழா எடுக்கிறோம். வேற்று மொழியினரிடையே வாழும் சிறு கூட்டத்திற்கு ஒற்றுமையே உயிர். அந்த ஒற்றுமையே குழுமயக்கத்திற்கு வளமான நிலமுமாகும். செயலாளர் சொன்னதை மறுத்தால், 'நமக்குள் ஏன் பிளவு?' என்பார்கள் என்று அஞ்சி நாம் பேசாதிருக்கிறோம். பேசாதவர் மனம் மாறுவதில்லை; அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை, அவ்வளவே. ஓராண்டு கழித்துப் பார்த்தால், தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறியிருக்கும். நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும். 'இவ்வாண்டு விழாவிற்கு ஐந்நூறு பேர் வரவேண்டும்' என்னும் இலக்கைவிட, 'இவ்வாண்டு முடிவில் இருபது பிள்ளைகள் பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதவேண்டும்' என்னும் இலக்கு சிறந்தது. முன்னதைக் கூட்டத்தைக் காட்டி நிறைவு செய்துவிடலாம். பின்னதை நிறைவு செய்ய, வகுப்பு சரியாக நடக்கவில்லை என்று சொல்லும் தாயின் குரல் நமக்குத் தேவைப்படும்.

எல்லாரும் மறுத்துக்கொண்டே இருந்தால் வேலை எப்பொழுது நடக்கும் என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்விதான். மறுப்பிற்கு உரிய காலம் முடிவிற்கு முந்தியது. கேட்கவேண்டியவற்றைக் கேட்ட பின் தலைவர் துணிந்து முடிவு செய்யவேண்டும். முடிவான பின், மறுத்தவரும் அதற்குத் தோள் கொடுக்கவேண்டும். 2013இல் எண்ணிக்கையை நிறுத்தியதும் ஒரு துணிவு. 2014இல் மீண்டும் ஏவியதும் ஒரு துணிவே. ஆராயாமல் செல்வது துணிவாகாது. ஆராய்ந்துகொண்டே நின்றுவிடுவது அறிவாகாது. தன் கருத்து ஏற்கப்படாவிட்டாலும் அது கேட்கப்பட்டது, எடைபோடப்பட்டது என்று தெரிந்தவர், மனக்கசப்பின்றி உடன் உழைப்பார்.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். பிழை கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகப் பெறாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது திருக்குறளின் கருத்து. அரசன் அறியாதவனாய், அறிந்தவர் சொல்லையும் தள்ளுபவனாய் இருந்தாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது அமைச்சனின் கடமை என்றும் அந்நூல் கூறும். சொல்பவனின் கடமை அவ்வாறிருக்க, கேட்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. சொல்வதற்கு ஏற்ற குறிக்கோளையும், ஏற்ற முறையையும், சொன்னவனுக்கு அச்சமின்மையையும் அமைத்துத் தருவதே அக்கடமை. அலுவலகத்திலோ ஆலையிலோ சங்கத்திலோ, அடுத்த முறை ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும் தறுவாயில், தலைமை தாங்குபவர் சற்றே நிறுத்தி, "இது தவறாக முடிவதானால் எதனால் முடியும்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருக்கட்டும்.